கம்பளிக் கணக்கு

 

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு கிளாஸ் இஞ்சித் தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

ஒவ்வொரு வருடமும் ஜனவரி பிறந்ததும் நுவரெலியாவின் புல்தரைகள் வெள்ளையாகக் கிடக்கும் படங்கள் நம் கைப்பேசிகளை நிறைத்துவிடும். துகள் பனி விழுந்திருக்கிறது என்று செய்தி வரும். கொழும்பிலிருந்து ஆட்கள் வேன் பிடித்து வந்து, அந்தப் புல்லைக் கையால் தொட்டுப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அதே காலையில், அந்தப் புல்தரையிலிருந்து இரண்டு மூன்று மைல் தூரத்தில், ஒரு லயத்துக் காம்பராவில் ஒரு தாய் நாலு மணிக்கே எழும்பி அடுப்பு மூட்டியிருப்பார். அந்தப் படம் யாருக்கும் வருவதில்லை.

மலையக வரலாறு என்றால் நாம் கங்காணி முறையைப் பேசுகிறோம், துண்டைப் பேசுகிறோம், 1948இல் பறிபோன பிரஜாவுரிமையைப் பேசுகிறோம், சம்பளத்தைப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். 2023இல் 200 வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோது இவை எல்லாமே மறுபடியும் பேசப்பட்டன. ஆனால் எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்குப் பாடப் புத்தகத்தில் பதில் இருக்கவில்லை. இராமநாதபுரத்து வெயிலில் பிறந்து வளர்ந்தவர் இந்த மலையில் முதல் இரவு எதைப் போர்த்திக்கொண்டு படுத்தார்? அதற்குக் காசு கொடுத்தது யார்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் வாசித்ததையும், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டதையும்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் குளிரைப் பற்றி. வெளியூரார் மலைநாட்டுக் குளிர் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும், நுவரெலியாக் குளிர் வேறு, ஹட்டன் குளிர் வேறு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில் வானம் மேகமில்லாமல் தெளிந்திருக்கும் இரவுகளில் பகலில் நிலம் வாங்கிய சூடெல்லாம் மேலே போய்விடும். விடியும்போது வெப்பநிலை 3, 4 பாகைக்கு இறங்கிவிடும். தேயிலைக் கொழுந்து கருகுவதும், மரக்கறித் தோட்டக்காரர் தலையில் கை வைப்பதும் அந்த நாட்களில்தான். ஹட்டன் அதைவிட அறுநூறு மீற்றர் அளவுக்குக் கீழே. அங்கே துகள் பனி அபூர்வம். ஆனால் ஜூன் தொடக்கம் ஓகஸ்ட் வரை தென்மேல் பருவமழை வாட்டி எடுக்கும். பக்கத்தில் இருக்கும் வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றர் அளவுக்கு மழை. அது ஈரக் குளிர். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உறிஞ்சும். அதனால் நனைந்த சேலையோடு காற்றில் நிற்பவருக்கு 15 பாகையே போதும், பல் கிட்டிவிடும். மலையில் உடம்பைச் சூடாக வைத்திருப்பது என்றால் பாதி வேலை உடம்பைக் காய வைப்பதுதான்.

இந்தக் குளிரை முதலில் விரும்பித் தேடி வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். ஜோன் டேவி என்ற இராணுவ வைத்தியர் 1819இல் நுவரெலியா சமவெளிக்கு வந்தார். பிறகு தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ், கீழ்நாட்டு வெயிலிலும் காய்ச்சலிலும் நலிந்துபோன பிரித்தானியப் படையினர் உடம்பு தேறிப் போவதற்காக அங்கே ஓர் ஆரோக்கிய நிலையத்தை அமைத்தார். அவர் தனக்காகக் கட்டிய வீடுதான் இன்றைய கிராண்ட் ஹோட்டலின் தொடக்கம். 1840களின் பிற்பகுதியில் சாமுவேல் பேக்கர் வந்து, இங்கிலாந்துக் கிராமம் ஒன்றையே இங்கே பெயர்த்து நடப் பார்த்தார். 1876இல் தோட்டத் துரைமார் ஹில் கிளப்பைத் தொடங்கினார்கள். இந்தக் கட்டடங்களை வெளியே நின்று பார்த்தாலும் ஒரு விஷயம் தெரியும். கூரைக்கு மேலே புகைபோக்கி எழும்பி நிற்கும். அறைக்கு அறை கணப்பு. துரை குளிர் காய்வதற்குச் சுவரிலேயே இடம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

இனி லயத்தின் கூரையைப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, மேலே தகரம். புகைபோக்கி எங்கே? அடுப்பு இருக்கிறது, மூன்று வேளையும் எரிகிறது, ஆனால் புகை போவதற்கு வழி வைக்கவில்லை. ஒரே தோட்டத்தில் ஒரே நிர்வாகம் கட்டிய இரண்டு கூரைகள்தான் இவை. குளிர் ஒரு சாராருக்கு மருந்தாக இருந்த காலத்தில் இன்னொரு சாராருக்கு நோயாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் என்று எங்களுக்குப் படுகிறது.

கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, தஞ்சாவூர், சேலம் பக்கத்தவர்கள். வெயில் ஊர்கள். அங்கே கோடையில் வெளித் திண்ணையில் வெறும் துண்டை விரித்துப் படுத்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலை ஏறினார்கள். ஆரம்பத்தில் பலர் பருவ வேலைக்கு வந்து, கோப்பிப் பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும், மழையிலும் எடுக்க வேண்டும், பனியிலும் எடுக்க வேண்டும். அது கோப்பியைவிட உயரமான சரிவுகளிலும் நன்றாக வளரும். ஆக, தேயிலை இந்த மக்களை இரண்டு வகையில் குளிருக்குள் தள்ளியது. மேலே ஏற்றியது, திரும்பிப் போகாமலும் வைத்தது.

இப்போது கம்பளிக்கு வருவோம்.

கம்பளி என்ற சொல்லை வெள்ளைக்காரர் 'கம்ப்ளி' என்று தங்கள் பேச்சில் எடுத்துக்கொண்டார்கள். 1886இல் வெளிவந்த ஹொப்சன் ஜொப்சன் என்ற ஆங்கிலோ-இந்திய அகராதியிலேயே அந்தச் சொல் இருக்கிறது. துரைமார் எழுதி வைத்தவற்றில் அரிசிக்குப் பக்கத்தில் வருவது கம்பளிதான். காரணம் லேசானது. இந்த இரண்டும் இல்லாமல் ஆள் வேலைக்கு நிற்க மாட்டார். அரிசி வயிற்றுக்கு, கம்பளி முதுகுக்கு. தோட்டம் இரண்டையும் கொடுத்தது, கொடுத்துவிட்டுப் பெயருக்கு நேரே எழுதி வைத்தது. விலை சம்பளத்தில் கழிந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இரவல் குதிரைக்குக்கூட லாயத்துச் சொந்தக்காரர்தான் போர்வை போடுவார். தோட்டத்தில் வேலை செய்வதற்காகத்தான் ஒருவர் குளிருக்குள் வருகிறார். குளிரைத் தாங்கும் செலவு அவர் தலையிலேயே கடனாக விழுகிறது. வரும் வழிச் செலவு, அரிசி, கம்பளி, பெரிய கங்காணி கொடுத்த முன்பணம், எல்லாம் சேர்ந்து அந்தக் கடன் வளர்ந்தது. அது எழுதப்பட்ட சீட்டுத்தான் துண்டு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போவதென்றால் அந்தத் துண்டில் உள்ள தொகையைப் புதுத் தோட்டம் தீர்க்க வேண்டும். 1921இல்தான் சட்டம் அந்த முறையை ஒழித்தது. அதுவரை எத்தனை பேருடைய துண்டில் ஒரு கம்பளியின் விலையும் கலந்து கிடந்ததோ! போர்த்திக்கொண்ட துணியே காலைக் கட்டியது என்று சொன்னால் மிகையில்லை.

ஆனாலும் அந்தக் கம்பளியை மக்கள் வைத்து ஆண்ட விதம் இருக்கிறதே, அதைக் கேட்கக் கேட்க வியப்பாக இருக்கும். எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி எங்களுக்குச் சொன்னார்: பகலில் அதைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டு, அதன் மேல் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு மலைக்குப் போவது. இடுப்புக்குக் கீழே படங்கு, அதாவது சாக்கை இறுக்கிக் கட்டுவது, தேயிலைச் செடியின் ஈரம் சேலையில் ஏறாமல். மழையில் கம்பளி ஒரு ஆள் கனம் கனக்கும். ஆனால் உள்ளே சூடு இருக்கும். சாயங்காலம் அதை உதறி அடுப்புக்கு மேலே கயிற்றில் போடுவது. இரவில் அதே கம்பளிதான் நாலு பிள்ளைகளுக்குப் போர்வை. பிள்ளை பிறந்தால் அதைத்தான் சுற்றி வைப்பது. கிழிந்த பிறகு தொட்டிலுக்கு அடியில் விரிப்பது. "ஒரு கம்பளி ஒரு குடும்பம் மாதிரிங்க சார்," என்று சொல்லிச் சிரித்தார்.

ஈரத்திலும் உள்ளே சூடு இருக்கும் என்று அவர் சொன்னது விஞ்ஞானப்படியும் சரி. ஆட்டு மயிர் நனைந்த பிறகும் காற்றைத் தன் சுருளுக்குள் பிடித்து வைத்திருக்கும். பருத்திக்கு அந்தக் குணம் இல்லை. பிறகு வந்த பொலித்தீனுக்கும் இல்லை. இன்று மலையில் கம்பளியைக் காண்பது அரிது. பொலித்தீன் உறையைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். கனம் இல்லை, மழைத் தண்ணீர் உள்ளே வராது, உண்மைதான். ஆனால் உடம்பு வேர்வை வெளியே போகாது. உள்ளாலே நனைந்து, வேலை நின்ற மறு நிமிடம் குளிர் பிடிக்கும். கம்பளியிலிருந்து பொலித்தீனுக்கு வந்ததை முன்னேற்றம் என்று எழுத எங்களுக்குக் கை வரவில்லை.

குளிர் உடுப்பில் அந்தஸ்தும் இருந்தது. பழைய படங்களில் பெரிய கங்காணியைப் பாருங்கள். வேட்டி, தலைப்பாகை, மேலே கறுப்புக் கோட்டு. கோட்டு வெறும் அலங்காரம் அல்ல, அந்தக் குளிரில் அது சூடு. கோட்டுப் போட்டவர், கம்பளி போர்த்தியவர், சாக்குப் போர்த்தியவர் என்று பிரட்டுக் களத்தில் யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். துரைக்கு முன்னால் குடை பிடிக்க முடியாது, செருப்புப் போட முடியாது என்று தோட்டத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். வெறுங்கால் என்பது குளிர் மட்டும் அல்ல. மண்ணிலிருந்து கொக்கிப்புழு காலால் ஏறி, இரத்தத்தைக் குடித்தது. 1910களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் ரொக்கபெல்லர் அமைப்பு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கும் அளவுக்கு அது பரவியிருந்தது. இரத்தச் சோகை உள்ள உடம்பு தன் சூட்டைத் தானே தக்கவைக்கச் சிரமப்படும். வெளியே எத்தனை போர்த்தினாலும் கை கால் சில்லென்றிருக்கும். நம் வகுப்பறையில் எப்போதும் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் ஜேர்ஸி இல்லையா என்று கேட்பதோடு நிறுத்தாமல், இரத்தம் பரிசோதித்தீர்களா என்றும் வீட்டாரிடம் கேளுங்கள்.

துணி பற்றிய பேச்சில் எங்கள் சமூகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. மலைநாட்டு நகரங்களில் எங்கள் முன்னோர் பலர் துணிக் கடை வைத்தவர்கள். கடை வைக்க வசதி இல்லாதவர்கள் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பொட்டணி வியாபாரம் செய்தவர்கள். தோட்டத்துக்குள் வெளியார் நினைத்தபடி காலடி வைக்க முடியாத காலம் அது. துணி மூட்டைக்காரருக்குத்தான் லயம் வரை போகும் வழி இருந்தது. பின்னாளில் 1936இல் ஹட்டனிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான கோ. நடேசய்யர், தொழிலாளரின் நிலைமையை நேரில் பார்ப்பதற்காகத் துணி வியாபாரி வேடத்தில்தான் தோட்டங்களுக்குள் போனார். நாங்கள் இதை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பு எழும். ஆனால் அந்த வேடம் ஏன் பலித்தது என்று யோசிக்க வேண்டும். எந்தத் துரைக்கும் சந்தேகம் வராத அளவுக்கு லயத்து வாசலில் துணி வியாபாரி சாதாரணமானவராக இருந்திருக்கிறார். எங்கள் வாப்பாமாரின் காலத்தில் போர்வையும் சால்வையும் சம்பள நாள் தவணைக்கு விற்றார்கள். நல்ல வியாபாரிகளும் இருந்தார்கள், ஒன்றுக்கு இரண்டாக எழுதியவர்களும் இருந்திருப்பார்கள். கம்பளிக் கணக்கைத் துரை மட்டும் எழுதவில்லை என்பதையும் நாங்கள் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

உடுப்புக்கு அடுத்தது அடுப்பு. கவ்வாத்து வெட்டும் காலம் வந்தால் லயத்தில் ஒரு சந்தோஷம் வரும். மிலாறு கிடைக்கும். வெட்டிப் போட்ட தேயிலைக் கம்புகளைக் கட்டித் தலையில் சுமந்து வந்து, இஸ்தோப்பில் கூரை முட்ட அடுக்கி வைப்பார்கள். மிலாறு நன்றாக நின்று எரியும். மழைக் காலத்துக்கு அதுதான் சேமிப்பு. அடுப்பைச் சுற்றித்தான் வீடு. பிள்ளைகள் படிப்பது அங்கே, கிழவர் படுப்பது அதன் பக்கத்தில், ஈரத் துணி காய்வது அதற்கு மேலே. 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு வந்த நாட்களில், டவுனில் இருக்கும் நாங்களும் விறகுக்கு அலைந்தோம். அப்போது தோட்டத்திலிருந்து எங்களுக்கு மிலாறு கட்டு அனுப்பிய வீடுகளை மறக்க மாட்டோம்.

ஆனால் அந்த அடுப்பு கொடுத்த சூட்டுக்கு நெஞ்சு விலை கொடுத்தது. புகைபோக்கி இல்லாத காம்பராவில் ஐம்பது வருடம் சமைத்தவரின் இருமலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். குளிர் தாங்காமல் சிரட்டைக் கரியையோ அடுப்புக் கரியையோ சட்டியில் அள்ளி, கதவு ஜன்னல் சாத்திய அறைக்குள் வைத்துக்கொண்டு படுக்கவே கூடாது. அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். சுற்றுலா வருகிறவர்களுக்கு அறை வாடகைக்குக் கொடுக்கும் நம்மவர்கள் இதை எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தால் நல்லது.

குளிருக்கு என்று சொல்லிக்கொண்டு குடிப்பதும் இந்த வரலாற்றில் உண்டு. பிரித்தானிய அரசாங்கத்துக்குச் சாராயம் நல்ல வருமானம். தோட்டத்துச் சம்பளக் காசு தவறணைக்குத் திரும்பியது எல்லாருக்கும் தெரிந்த கதை. நாங்கள் இங்கே மார்க்கம் பேச வரவில்லை, உடம்பைப் பற்றி மட்டும் சொல்கிறோம். சாராயம் தோலில் உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கும். அதனால் மேலே சூடு ஏறியது போல இருக்கும். உண்மையில் உள்ளே இருக்கும் சூடு அந்த வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும்.

நல்ல சூடு தேத்தண்ணியில் இருக்கிறது. அதிலும் ஒரு வேடிக்கை. திம்புளைப் பக்கத்துத் தேயிலைக்கு, அதாவது ஹட்டன், தலவாக்கலை, லிந்துலை சுற்று வட்டாரத் தேயிலைக்கு, ஜனவரி தொடக்கம் மார்ச் வரைதான் உச்சமான தரம். குளிர்ந்த வறண்ட காற்றில் கொழுந்து மெதுவாக வளரும், வாசனை அதில் திரளும். கொழும்பில் 1883இல் தேயிலை ஏலம் தொடங்கிய காலத்திலிருந்து வாங்குகிறவர்கள் தேடுவது இந்தக் குளிரின் மணத்தைத்தான். லண்டனில் குளிர் காய்கிறவர் கோப்பையில் அது போய்ச் சேர்ந்தது. நடுங்கிய விரல்களால் அதைக் கிள்ளியவர் வீட்டில் கொதித்ததோ தூள் தேயிலைச் சாயம். சீனி இருந்தால் சீனி, இல்லாவிட்டால் கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு. காலையில் ஒரு ரொட்டியும் கட்டைச் சம்பலும் அந்தச் சாயமும் உள்ளே போனால்தான் மலை ஏற முடியும். மாவு சுட்ட ரொட்டி வயிற்றில் நின்று எரியும், அது ஒரு வகை விறகு. சளி பிடித்தால் கொத்தமல்லி அவித்த தண்ணி, இஞ்சி தட்டிப் போட்டு. நெஞ்சுக்கும் உள்ளங்காலுக்கும் சித்தாலேப. யூகலிப்டஸ் இலையைக் கொதிக்க வைத்து, கம்பளிக்குள் தலையை விட்டு வேது பிடிப்பது. இவை எல்லாமே இன்றும் நம் வீடுகளில் நடப்பவை. ஒரேயொரு திருத்தம் மட்டும் சொல்கிறோம்: சாப்பாட்டோடு சேர்த்துக் கடுஞ்சாயம் குடித்தால் உணவில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. இரத்தச் சோகை உள்ளவர்கள், முக்கியமாகப் பிள்ளைத்தாய்ச்சிமார், சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள்.

1977க்குப் பிறகு நாட்டில் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. நுவரெலியா பேல் பஸாரில் குவியும் ஜெக்கட்டுகளும் ஸ்வெட்டர்களும் நம் குளிரின் முகத்தையே மாற்றிவிட்டன. சிவனொளிபாத மலை, நாங்கள் பாவா ஆதம் மலை என்போம், அந்தப் பருவம் டிசம்பரில் தொடங்கினால் ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் கடை வாசலெல்லாம் கம்பளித் தொப்பி தொங்கும். 1344இல் அந்த மலையில் ஏறிய இப்னு பதூதா, தங்களுக்குக் கீழே மேகம் கிடந்ததை எழுதி வைத்திருக்கிறார். அவர் எதைப் போர்த்திக்கொண்டு ஏறினார் என்று நம் பிள்ளைகள் கேட்டார்கள். அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்!

சிலர், குறிப்பாக எங்கள் பெரியவர்களில் சிலர், குளிரைத் தாங்குவதையே ஒரு பெருமையாகச் சொல்வார்கள். சுபஹுக்குப் பச்சைத் தண்ணீரில் வுழூ செய்வது பக்தி என்று நினைப்பவர்கள் உண்டு. சிரமத்திலும் வுழூவை முழுமையாகச் செய்வதற்கு நன்மை இருக்கிறது, அது ஹதீஸில் உள்ளது. ஆனால் ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு தாத்துஸ் ஸலாஸில் பயணத்தில் அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்கள் கடுங்குளிர் இரவில் குளிக்கப் பயந்து, தயம்மும் செய்து தொழுவித்தார்கள். விஷயம் நபிகளாரிடம் போனது. தன்னைத் தானே அழித்துக்கொள்வதைத் தடுக்கும் இறைவசனத்தை நினைத்தே அப்படிச் செய்ததாக அவர் சொல்ல, நபிகளார் சிரித்தார்கள், கண்டிக்கவில்லை. சூரா அந்நஹ்ல் கால்நடைகளைப் பற்றிப் பேசும்போது அவற்றிலிருந்து கிடைக்கும் கதகதப்பைத்தான் முதலில் சொல்கிறது. உடம்பைச் சூடாக வைத்திருப்பது சொகுசு இல்லை. பள்ளியில் வயதானவர்களுக்காகச் சுடுதண்ணீர் ஏற்பாடு செய்வதைப் பற்றிப் பேச்சு வந்தால் வீண் செலவு என்று தட்டிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கடைசியாக, பாடசாலை. இதை எழுதத்தான் தயக்கமாக இருந்தது.

நம் நாட்டில் பள்ளிக்கூட வருடம் வழக்கமாக ஜனவரியில்தான் தொடங்கி வந்தது. மலையில் அதுதான் உறைகிற மாதம். 1993இலிருந்து அரசாங்கம் சீருடைத் துணி இலவசமாகக் கொடுக்கிறது. அது எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, மறுக்கவில்லை. ஆனால் மன்னாருக்கும் அதே மெல்லிய வெள்ளைத் துணி, நுவரெலியாவுக்கும் அதே துணி. மேலே போடும் ஜேர்ஸி வீட்டாரின் பாடு. பிள்ளைக்கு நல்ல ஜேர்ஸி ஒன்று எடுத்தால் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் போய்விடும். மூன்று பிள்ளைகள் இருந்தால்? பழைய கம்பளிக் கணக்கு இன்னும் மூடப்படவில்லை, பேரேடு மட்டும் மாறியிருக்கிறது.

நாங்கள் முன்பு படிப்பித்த ஒரு பாடசாலையில் வாசலில் நின்று, சீருடை நிறத்துக்குப் பொருந்தாத ஸ்வெட்டர்களைக் கழற்ற வைப்போம். ஒழுங்கு என்று நினைத்தோம். ஒரு பையன் எப்போதும் புகை நாற்றத்தோடு வருவான். சட்டையைத் துவைப்பதில்லையா என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் வீட்டுக்குப் போனோம். காலை ஆறு மணி இருக்கும், வெளியே பனி மூட்டம். அவனுக்கு ஒரே சட்டை. இரவில் துவைத்தது காயவில்லை. அவனுடைய அம்மா அடுப்புக்கு முன்னால் குந்திக்கொண்டு, சட்டையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, முன்பக்கம் பின்பக்கம் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். காய்ந்ததும் சூடாகவே அவனுக்கு மாட்டிவிட்டார். "சூடு ஆறுறதுக்குள்ள ஓடு," என்றார். அந்தப் புகை அப்படி வந்ததுதான்.

அன்றிலிருந்து வாசலில் யாருடைய ஸ்வெட்டரையும் நாங்கள் கழற்றச் சொல்வதில்லை. எந்த நிறமும் வரலாம்.

ஒரு உதவி. உங்கள் வீட்டில், லயத்தில், பரணில் பழைய கம்பளி எதுவும் இருந்தால் தயவுசெய்து எரித்துவிடாதீர்கள். அது யாருடையது, எந்தத் தோட்டத்தில் கொடுத்தது, பற்றுச்சீட்டு, செக்ரோல் துண்டு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டிமார் இருந்தால் கேட்டு, அவர்கள் சொல்கிற மாதிரியே எழுதி அனுப்புங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து தொகுத்து வைப்போம். பொருந்தாத நிறத்தில், பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன ஜேர்ஸிகள் இருந்தாலும் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்னால் தந்துவிடுங்கள்.